தக்காளியும் தங்கமும்: கோலார் வட்டாரத்தில் விலை நெகிழ்ச்சி

ஒரு பொருளின் விலை மாறும்போது அதை வாங்கும் அளவும் விற்கும் அளவும் எவ்வளவு மாறுகின்றன என்பதை அளக்கும் எண்ணுக்குப் பொருளியலில் நெகிழ்ச்சி என்று பெயர். விலை ஏறினால் தேவை குறையும், அளிப்பு கூடும் என்பது சந்தைக்குப் போய்வந்த எவருக்கும் தெரியும். அந்த விதி திசையை மட்டுமே சொல்கிறது. அளவைச் சொல்வது நெகிழ்ச்சி. விலை 10 சதவீதம் ஏறி, வாங்கும் அளவு 20 சதவீதம் குறைந்தால் தேவை நெகிழ்ச்சி 2. வாங்கும் அளவு 4 சதவீதமே குறைந்தால் 0.4. விலையும் தேவையும் எதிர்த்திசையில் நகர்வதால் கணக்கில் கழித்தல் குறி வரும். பேச்சில் அதை விட்டுவிடுவது வழக்கம். எண் ஒன்றைத் தாண்டினால் நெகிழ்ச்சி மிக்க தேவை, ஒன்றுக்குக் கீழே இருந்தால் நெகிழ்ச்சி குறைந்த தேவை. தமிழகப் பாடநூல்கள் தேவை, அளிப்பு என்று சொல்வதையே இலங்கைப் பாடநூல்கள் கேள்வி, நிரம்பல் என்கின்றன. நெகிழ்ச்சி என்ற சொல் இரண்டிலும் ஒன்றுதான்.

இந்த எண்ணின் முழுப் பொருளையும் ஒரே வட்டாரத்தில் பார்க்க வேண்டுமானால் கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்துக்குப் போகலாம். மாவட்டத்தின் ரயில் சந்திப்பு பங்காருபேட்டை. மைசூர் ஆணையராக இருந்த பௌரிங்கின் பெயரால் பௌரிங்பேட்டை என்று ஆங்கிலேயர் வழங்கிய ஊர் அது. பங்காரு என்றால் தெலுங்கில் தங்கம். ஊரின் ஒரு பக்கம் கோலார் நகரம். அதன் வேளாண் விளைபொருள் மண்டி நாட்டின் மிகப் பெரிய தக்காளிச் சந்தைகளுள் ஒன்று. மறுபக்கம், 1894இல் போட்ட கிளை ரயில்பாதையில் போனால் மாரிக்குப்பம் வரை நீளும் தங்கவயல். 1880 முதல் 2001 வரை அங்கே தங்கம் தோண்டினார்கள். தோண்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து குடிபெயர்ந்த தமிழர்கள். பறித்த சில நாளில் அழுகிவிடும் பொருள் ஒன்று, எத்தனை நூற்றாண்டானாலும் கெடாத பொருள் ஒன்று. இரண்டின் விலையும் நடந்துகொள்ளும் விதம் முற்றிலும் வேறு. அந்த வேறுபாட்டுக்குக் காரணம் காலம்.

கோலார் மண்டி

காலை ஏலத்துக்கு வந்து நிற்கும் தக்காளியின் அளவு அன்றைக்கு மாறாது. விலை இரட்டிப்பானாலும் அந்த நாளுக்குள் ஒரு பெட்டி கூடுதலாக விளையாது. விலை பாதியானாலும் பெட்டியைத் திருப்பி எடுத்துப்போய் வைத்திருக்க இடமில்லை, பழம் தாங்காது. வரைபடத்தில் இதைச் செங்குத்தான அளிப்புக் கோடாகப் போடுவார்கள். அளிப்பு அசையாதபோது அன்றைய விலையைத் தீர்மானிப்பது தேவை மட்டும். சென்னை, கேரளம், ஆந்திரம், வட மாநிலங்கள் என்று எத்தனை ஊர் வியாபாரிகள் அன்று லாரி பிடித்திருக்கிறார்கள் என்பதே கேள்வி.

அந்தத் தேவையும் எளிதில் வளைவதில்லை. தென்னிந்தியச் சமையலில் தக்காளி எல்லாவற்றிலும் கொஞ்சம் சேரும். அதற்காகும் செலவு குடும்ப வரவுசெலவில் சிறு பங்குதான். மாற்றுப்பொருள் அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. ரசத்துக்கும் குழம்புக்கும் புளியைக் கூட்டிக்கொள்ளலாம். தக்காளிச் சட்னி தேங்காய்ச் சட்னியாக மாறலாம். ஆனால் பிரியாணிக்கும் ஓட்டல் குருமாவுக்கும் அப்படி ஒதுங்க வழி குறைவு. ஒரு குடும்பம் கிலோ 40 ரூபாயில் வாரம் 2 கிலோ வாங்குகிறது. விலை 120 ஆனதும் 1 கிலோவாகக் குறைத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2 கிலோவிலிருந்து கணக்கிட்டால் அளவு 50 சதவீதம் இறங்கியிருக்கிறது, 1 கிலோவிலிருந்து கணக்கிட்டால் 100 சதவீத வித்தியாசம். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க நடுப்புள்ளியை அடிப்படையாகக் கொள்வார்கள். அளவில் மாற்றம் 1, நடுப்புள்ளி 1.5, ஆக 67 சதவீதம். விலையில் மாற்றம் 80, நடுப்புள்ளியும் 80, ஆக 100 சதவீதம். நெகிழ்ச்சி 0.67. பாதியாகக் குறைத்த பிறகும் அந்தக் குடும்பத்தின் தக்காளிச் செலவு 80 ரூபாயிலிருந்து 120 ஆகிவிட்டது. நெகிழ்ச்சி ஒன்றுக்குக் கீழே இருக்கும்வரை, விலை ஏறினால் மொத்தச் செலவும் ஏறும், விலை இறங்கினால் மொத்தச் செலவும் இறங்கும். வாங்குகிறவரின் செலவுதான் விற்கிறவரின் வரவு என்பதால் இந்த ஒரு வரி வேளாண் பொருளியலின் பாதியை விளக்கிவிடும்.

சந்தை முழுவதற்கும் தேவை நெகிழ்ச்சி 0.4 என்று கொள்வோம். வரத்து 20 சதவீதம் குறைந்தால் விலை ஏறக்குறைய 50 சதவீதம் ஏறியாக வேண்டும். விவசாயிகள் எல்லோரும் சேர்ந்து முன்பு 100 ரூபாய் பெற்றிருந்தால் இப்போது பெறுவது 120. வரத்து 20 சதவீதம் கூடினால் விலை 50 சதவீதம் சரியும். மொத்த வரவு 60 ரூபாய். நன்றாக விளைந்த ஆண்டில் உழவர் சமூகம் மொத்தமாக ஏழையாகிறது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலேயே கவனித்த செய்தி இது. கிரிகரி கிங்கின் பெயரால் வழங்கும் அட்டவணையைச் சார்லஸ் டாவனன்ட் 1699இல் வெளியிட்டார். கோதுமை விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு ஏறும், பாதி குறைந்தால் விலை நான்கரை மடங்கு கூடும் என்பது அதன் சாரம். அந்த உறவுக்குப் பெயரும் சூத்திரமும் பின்னால்தான் வந்தன. ஆல்பிரட் மார்ஷல் 1881-82 குளிர்காலத்தில் சிசிலித் தீவின் பலேர்மோ நகரில் தங்கியிருந்தபோது அவற்றை உருவாக்கினார். 1890இல் வந்த அவருடைய பொருளியல் நூல் வழியே நெகிழ்ச்சி என்ற சொல் வகுப்பறைக்கு வந்தது.

2023 ஜூலையில் நாடு முழுவதும் பேசப்பட்ட தக்காளி விலையை இந்தக் கணக்கோடு பொருத்திப் பார்க்கலாம். முந்தைய மாதங்களில் விலை அடிமட்டத்தில் கிடந்ததால் பலர் நடவைக் குறைத்திருந்தார்கள். வெயிலும் ஒழுங்கற்ற மழையும் சேர்ந்தன. கோலார் பக்கத் தோட்டங்களை வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டை நோய் தாக்கியது. மண்டியில் 15 கிலோ பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டிற்று. பல நகரங்களில் சில்லறை விலை கிலோ 200 ரூபாய்க்கு அருகில் போனது. பழம் கையில் இருந்த விவசாயி ஒரு பருவத்தில் வீடு கட்டினார். நோய் தாக்கிய தோட்டக்காரருக்கு அந்த விலையால் ஒரு பயனும் இல்லை. மொத்த வரவு கூடியது என்ற சராசரிக் கணக்கு இந்த இரண்டு பேரையும் ஒன்றாக்கி மறைத்துவிடுகிறது. நெகிழ்ச்சியை வைத்து வாதிடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

அரசுகள் தலையிட்டன. தமிழக அரசு ஜூலை தொடக்கத்தில் சென்னையின் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. மத்திய அரசின் சார்பில் தேசியக் கூட்டுறவு நுகர்வோர் கூட்டமைப்பு ஜூலை 14 முதல் டெல்லி முதலிய நகரங்களில் 90 ரூபாய்க்கு விற்கத் தொடங்கி, படிப்படியாக 40 வரை குறைத்தது. அதற்கான பழத்தைக் கோலாரிலும் ஆந்திரத்தின் மதனப்பள்ளியிலும் மகாராஷ்டிரத்தின் சங்கம்நேரிலும் கொள்முதல் செய்தார்கள். வரிசையில் நின்ற ஏழைக் குடும்பத்துக்கு இது உண்மையான உதவி. ஆனால் கோலாரில் வாங்கி டெல்லியில் விற்றதால் நாட்டில் ஒரு கிலோ தக்காளிகூடக் கூடுதலாகச் சேரவில்லை. இருந்ததை யார் உண்பது என்பது மட்டுமே மாறியது. அளிப்பைக் கூட்டிய நடவடிக்கை ஆகஸ்டில் நேபாளத்திலிருந்து செய்த இறக்குமதிதான். அதைவிடப் பெரிதாகக் கூட்டியது புதிய நடவின் அறுவடை.

நாற்று விட்டு, நட்டு, முதல் பறிப்புக்கு வர மூன்று மாதம். விலை ஏறத் தொடங்கியதைப் பார்த்து நட்டவர்களின் பழமும் முன்பே நட்டிருந்தவர்களின் பழமும் சேர்ந்து வந்தபோது, செப்டம்பரில் மகாராஷ்டிரத்திலும் ஆந்திரத்திலும் பல மண்டிகளில் மொத்த விலை கிலோவுக்கு ஒற்றை இலக்க ரூபாய்க்கு இறங்கியது. இன்றைய விலையைப் பார்த்து நடுவது, மூன்று மாதம் கழித்து எல்லோரும் சேர்ந்து விற்பது, விழுந்த விலையைப் பார்த்து அடுத்த நடவைக் கைவிடுவது என்ற இந்தச் சுழற்சிக்கு நிக்கோலஸ் கால்டர் 1934இல் சிலந்திவலைத் தேற்றம் என்று பெயரிட்டார். வரைபடத்தில் விலையும் அளவும் மாறி மாறி இழுக்கும் கோடுகள் சிலந்தி வலைபோல் சுற்றுவதால் அந்தப் பெயர். அளிப்பின் நெகிழ்ச்சி தேவையின் நெகிழ்ச்சியைவிடக் குறைவாக இருந்தால் ஊசலாட்டம் மெல்ல அடங்கும். அதிகமாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பெருகும். தக்காளியில் ஒரு நாளைய அளிப்பு கல்லைப்போல அசையாதது, ஒரு பருவத்தின் அளிப்போ விலைக்கு ஆவேசமாக ஓடிவருவது. துன்பம் தொடங்கும் இடம் இதுதான். விவசாயிக்குப் புத்தியில்லை என்று நகரத்தில் சொல்வது அநியாயம். அவர் கையில் இருக்கும் ஒரே தகவல் இன்றைய ஏல விலை.

கடை விலைக்கும் தோட்ட விலைக்கும் நடுவே

விலை சரியும்போது நகரத்துக்காரருக்கு விளங்காத ஒன்று உண்டு. கடையில் தக்காளி இன்னும் 28 ரூபாய்க்கு விற்கிறது. விவசாயி ஏன் சாலையோரம் கொட்டுகிறார்? ஒரு கற்பனைக் கணக்கு உதவும். கடை விலை 40 ரூபாய். அதில் லாரி வாடகை, கமிஷன், ஏற்றுக்கூலி இறக்குக்கூலி, கழிவு, கடைக்காரர் லாபம் எல்லாம் சேர்ந்து 25 ரூபாய். விவசாயிக்குச் சேர்வது 15. இந்த 25 ரூபாய் விலையோடு சேர்ந்து சுருங்காது. டீசல் விலை தக்காளி மலிவானதற்காகக் குறையாது. கடை விலை 28 ஆனால் நுகர்வோருக்கு 30 சதவீத இறக்கம். விவசாயியின் 15 ரூபாய் 3 ரூபாயாகிறது, 80 சதவீத இறக்கம். கடையில் தேவை நெகிழ்ச்சி 0.4 என்றால் விற்பனை 12 சதவீதமே கூடியிருக்கும். அதே 12 சதவீதத்தைத் தோட்ட விலையின் 80 சதவீத வீழ்ச்சியோடு வைத்துப் பார்த்தால் நெகிழ்ச்சி 0.15. இடையில் நிற்கும் செலவு எவ்வளவு பெரிதோ, அவ்வளவுக்கு விவசாயி சந்திக்கும் தேவை விறைத்துப்போகிறது.

கிடைக்கும் விலை பறிப்புக்கூலிக்கும் பெட்டிக்கும் மண்டிவரை போகும் வாடகைக்கும் போதாமல் போகும் புள்ளியில் பறிப்பு நின்றுவிடும். பயிரிட்ட செலவு ஏற்கெனவே மண்ணில் போனது. பறிப்பதா வேண்டாமா என்ற முடிவில் அதற்கு இடமில்லை. 2021 மே மாதம் கொரோனா ஊரடங்கில் ஓட்டல்களும் கல்யாண மண்டபங்களும் மூடிக்கிடந்தபோது கோலார் விவசாயிகள் தக்காளியைச் சாலையோரம் கொட்டியது இந்தப் புள்ளியைக் கடந்ததால்தான்.

தனி ஒரு விவசாயியின் நிலை இன்னொரு கோணத்தில் விசித்திரமானது. நிறமில்லாத, தெளிந்த காரத் தண்ணீருக்குப் பேர்போன பங்காருபேட்டை பானிபூரியை எடுத்துக்கொள்ளலாம். வரிசையாக நிற்கும் வண்டிகளில் ஒருவர் மட்டும் தட்டுக்கு ஐந்து ரூபாய் ஏற்றினால் கூட்டம் அடுத்த வண்டிக்கு நகரும். அவர் எதிர்கொள்ளும் தேவை மிக நெகிழ்ச்சியானது. உருளைக்கிழங்கு விலை ஏறி எல்லோரும் சேர்ந்து ஏற்றினால் பெரும்பாலோர் கொடுத்துவிட்டுச் சாப்பிடுவார்கள். மொத்தச் சந்தையின் நெகிழ்ச்சி குறைவு. தக்காளி விவசாயிக்கும் இதே கதி. தன் பழத்துக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்க அவரால் முடியாது. எல்லோரும் சேர்ந்து வரத்தைக் கூட்டும்போது விலை நொறுங்குவதையும் தடுக்க முடியாது. தனியாக நெகிழ்ச்சி மிக்க தேவைக்கும், கூட்டாக நெகிழ்ச்சி குறைந்த தேவைக்கும் நடுவே அவர் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

தங்கவயல்

சுரங்கத்தின் கதை வேறு. நாணயத்தின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டிய பொன்திட்டம் நடப்பிலிருந்த காலத்தில் தங்கத்தின் விலையைச் சந்தை நிர்ணயிக்கவில்லை. நாணயச் சட்டம் நிர்ணயித்தது. தங்கவயலை நடத்திய ஜான் டெய்லர் நிறுவனத்தின் சுரங்கங்கள் எவ்வளவு தோண்டி அனுப்பினாலும் அதே விலைக்கு விற்றுத் தீர்ந்தது. முழு நெகிழ்ச்சியுள்ள தேவை என்று பாடநூலில் படுக்கைக்கோடாகப் போடுவதற்கு இதைவிட நல்ல நிஜ உதாரணம் அரிது. விலை அசையாதபோது லாபத்துக்கு ஒரே வழி செலவைக் குறைப்பது. காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து 1902இல் மின்சாரம் தங்கவயலுக்கு வந்தது அந்த முயற்சியின் விளைவு. விலை மாறாமலே அளிப்புக் கோடு முழுவதுமாக வலப்பக்கம் நகர்ந்தது. விலை மாற்றத்தால் கோட்டின்மேல் நகர்வதும், தொழில்நுட்பத்தால் கோடே நகர்வதும் வேறு வேறு என்பதை மாணவர்கள் குழப்பிக்கொள்வதுண்டு; தங்கவயலில் இரண்டும் தனித்தனியாகத் தெரிகின்றன.

பிறகு இயற்கை எதிர்ப்பக்கம் தள்ளியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் கீழே போனது. ஆழம் கூடக்கூடப் பாறையின் சூடு கூடும், காற்றை உள்ளே அனுப்பும் செலவு கூடும், பாறை வெடித்துச் சிதறும் அபாயம் கூடும். டன்னுக்குக் கிடைக்கும் தங்கமோ குறைந்துகொண்டே வந்தது. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962இல் மத்திய அரசு ஏற்றது. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. உலகச் சந்தை விலை வீழ்ந்து கிடந்த காலத்தில், 2001 பிப்ரவரி 28 அன்று, தங்கவயல் மூடப்பட்டது. அப்போது அவுன்ஸ் விலை 270 டாலருக்கும் கீழே. 2011 செப்டம்பரில் அது 1,900 டாலரைத் தாண்டியது; 2025இல் முதலில் 3,000, பின்னர் 4,000 டாலரைக் கடந்தது.

விலை இத்தனை மடங்கு ஏறியும் தங்கவயல் மறுபடி திறக்கவில்லை. இறைக்காமல் விட்ட சுரங்கத்தில் நீர் நிறைந்துவிட்டது. கீழே இறங்கத் தெரிந்த கைகள் கலைந்துபோயின. அளிப்பு நெகிழ்ச்சியில் மேலேறும் பாதையும் கீழிறங்கும் பாதையும் ஒன்றல்ல. மூட ஒரு ஆணை போதும், திறக்க ஒரு தலைமுறை போதாது. மூடும் முடிவை அன்றைய ஓராண்டுக் கணக்கை மட்டும் வைத்து எடைபோட்டது பிழை என்பதே பின்வந்த விலைகள் தரும் தீர்ப்பு. வேலை இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் விடியுமுன் எழுந்து, பங்காருபேட்டை வழியே ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். பெங்களூர் வாடகை கொடுத்துக் குடியேற முடியாத அவர்களுக்கு அந்த ரயிலின் சீசன் டிக்கெட்டுக்கு மாற்று இல்லை. கட்டணம் ஏறினாலும் பயணம் குறையாது. மாற்று வழியில்லாதவரின் தேவைதான் எங்கும் நெகிழ்ச்சி குறைந்தது.

ஒன்று மட்டும் விலைக்கு அசைந்தது. சுரங்கம் அரைத்துக் கழித்த மண் தங்கவயல் நெடுகச் சாம்பல் நிற மேடுகளாகக் குவிந்து கிடக்கிறது. ஊரார் சயனைடு மேடு என்பார்கள். அதில் எஞ்சிய துளித் தங்கம் பழைய விலையில் குப்பை, இன்றைய விலையில் கனிமம். 13 மேடுகளில், சுமார் 1,000 ஏக்கர் பரப்பில், மேற்பரப்புச் சுரங்கப் பணிக்கான மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைந்தது.

பவுன் கணக்கு

தங்கத்தின் தேவைப் பக்கம் இன்னும் சுவையானது. கல்யாணத்துக்கு நகை எடுக்கும் தமிழ்க் குடும்பங்கள் இரண்டு விதமாகப் பேசும். ‘பெண்ணுக்குப் பத்துப் பவுன்’ என்று நிச்சயித்துவிட்ட குடும்பத்துக்கு, விலை என்ன ஏறினாலும் 80 கிராம் வாங்கியாக வேண்டும். அந்தத் தேவையின் நெகிழ்ச்சி பூஜ்யம். விலையேற்றம் முழுவதும் கடனாக மாறும். ‘ஐந்து லட்சத்துக்கு நகை’ என்று பணத்தில் முடிவுசெய்த குடும்பத்துக்கு நெகிழ்ச்சி சரியாக ஒன்று. விலை இரட்டித்தால் கிராம் பாதியாகும், செலவு மாறாது. எடையில் வாக்குக் கொடுப்பதா பணத்தில் கொடுப்பதா என்ற சம்பிரதாய வேறுபாடு ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளவோ காக்கவோ போதுமானது.

இந்த இரண்டு வகையும் கலந்த மொத்த நாட்டுக்கு உலகத் தங்க மன்றம் 2021இல் ஒரு மதிப்பீடு தந்தது. விலை 1 சதவீதம் ஏறினால் இந்தியாவின் தங்கத் தேவை 0.4 சதவீதம் குறைகிறது. வருமானம் 1 சதவீதம் ஏறினால் 0.9 சதவீதம் கூடுகிறது. விலையைவிட வருமானமே இங்கே தங்கத்தை இயக்குகிறது என்பது இதன் பொருள். 2024இல் விலை கடுமையாக ஏறியும் இந்தியா வாங்கிய தங்கம் முந்தைய ஆண்டின் 761 டன்னிலிருந்து 803 டன்னாகக் கூடியதைக் கண்டு தேவை விதியே பொய் என்று நினைக்க வேண்டியதில்லை. நகைத் தேவை 2 சதவீதம் குறைந்தது. விலை இன்னும் ஏறும் என்ற எதிர்பார்ப்பில் வாங்கிய கட்டி, நாணயம் முதலிய முதலீட்டுத் தேவை 29 சதவீதம் கூடியது. விதி நகையில் வேலை செய்தது. எதிர்பார்ப்பு முதலீட்டுத் தேவைக் கோட்டையே இடம் மாற்றியது. அந்த ஆண்டு ஜூலை 23இல் இறக்குமதித் தீர்வை 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைக்கப்பட்டதும் சேர்ந்துகொண்டது. தேவை நெகிழ்ச்சி குறைந்த பொருளில் தீர்வையின் பெரும்பங்கைச் சுமப்பவர் வாங்குபவரே. தீர்வை உயர உயர அரசுக்கு வரும் பணத்தோடு கடத்தலும் வளரும், ஏனென்றால் கடத்தல் அளிப்பு அந்த இடைவெளிக்கு மிக வேகமாக நெகிழ்கிறது.

தங்கத்தின் விலை தக்காளிபோல ஒரே மாதத்தில் பத்து மடங்கு ஆடாததற்குக் காரணம் சேமிப்பு. உலகில் இதுவரை தோண்டிய தங்கம் 2 லட்சம் டன்னுக்கு மேல். ஓராண்டில் புதிதாகத் தோண்டுவது சுமார் 3,600 டன். தங்கவயல் 120 ஆண்டில் தந்தது 800 டன்னுக்குச் சற்று மேல். ஒரு சுரங்கம் மூடினால் விலை சிணுங்குவதுகூட இல்லை. விலை ஏறும்போது சந்தைக்கு வரும் கூடுதல் தங்கத்தின் ஊற்றுகளில் பழைய வளையலும் அடகில் மூழ்கிய சங்கிலியும் முக்கியமானவை. பீரோவில் பத்திரமாகக் காத்திருக்க முடிந்த பொருளுக்கு அளிப்பு நெகிழ்ச்சி தானாகவே வந்துசேர்கிறது.

ரோஸ் வெங்காயமும் பாலும்

நெகிழ்ச்சியைக் கேட்காமல் போடும் உத்தரவு எங்கே தவறுகிறது என்பதற்குக் கோலார், சிக்கபள்ளாபுரம் பக்கத்து ரோஸ் வெங்காயம் சாட்சி. 2015இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தச் சிறிய, காரமான வெங்காயத்தை இந்தியச் சமையலறைகள் அதிகம் வாங்குவதில்லை. மலேசியா, சிங்கப்பூர், இலங்கை ஆகிய நாடுகளுக்காகவே பயிரிடுகிறார்கள். உள்நாட்டு வெங்காய விலையை அடக்க 2023 ஆகஸ்ட் 19 அன்று எல்லா வெங்காயத்துக்கும் 40 சதவீத ஏற்றுமதித் தீர்வை விதித்தார்கள். டிசம்பரில் ஏற்றுமதியே தடைப்பட்டது. நாசிக் வெங்காயத்தைத் தடுத்தால் அது டெல்லிச் சந்தைக்குத் திரும்பி அங்கே விலையைக் குறைக்கும். ரோஸ் வெங்காயத்தைத் தடுத்தால் திரும்புவதற்கு உள்நாட்டுத் தேவை இல்லை. நுகர்வோருக்குப் பயன் ஏதுமில்லாமல் விவசாயியின் விலை மட்டும் விழும். விவசாயிகள் இதைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னார்கள். அதன் பிறகே ரோஸ் வெங்காயத்துக்குத் தீர்வை விலக்கு வந்தது.

நெகிழ்ச்சி இயற்கை எழுதிய மாறாத எண் என்று எண்ணிவிடக் கூடாது. அதை மாற்றலாம். தக்காளியை விழுதாகவும் சாறாகவும் ஆக்கும் ஆலை பக்கத்தில் இருந்தால், விலை சரியும்போது ஆலை வாங்கும். தோட்டத்து வாசலில் தேவை நெகிழும். குளிர்சாதனக் கிடங்கு இருந்தால் இன்றைய அளிப்புக் கோடு செங்குத்தாக நிற்காது. தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு மூன்றுக்குமாக 2018-19 மத்திய பட்ஜெட்டில் 500 கோடி ரூபாயில் ஆபரேஷன் கிரீன்ஸ் திட்டத்தை அறிவித்ததன் நோக்கம் இதுவே. கோலார் வயல்களில் அதன் பலன் இன்னும் போதவில்லை என்பதை 2021இன் சாலையோரக் குவியல்களும் 2023இன் விலையும் காட்டின.

அதே கோலார் மாவட்டத்தில் தக்காளியைவிடச் சீக்கிரம் கெடும் இன்னொரு பொருள் நாள்தோறும் இரண்டு வேளை விற்பனையாகிறது. கறந்த பால் சில மணி நேரமே தாங்கும். இருந்தும் அதன் விலை ஆடுவதில்லை. கிராமத்துக் கூட்டுறவுச் சங்கம் கொழுப்பும் திடப்பொருளும் அளந்து அறிவித்த விலைக்கு எடுத்துக்கொள்கிறது. மிஞ்சியது பால்பவுடராகவும் வெண்ணெயாகவும் மாறிக் காத்திருக்கிறது. காத்திருக்கும் சக்தியை விவசாயிக்குப் பதிலாக ஒரு நிறுவனம் ஏற்றுக்கொண்டதுதான் வித்தியாசம். ஒரே வீட்டில் பசுவும் இருக்கிறது, தக்காளித் தோட்டமும் இருக்கிறது. நாளைக்கு ஊற்றப்போகும் பாலின் விலை அந்த வீட்டுக்காரருக்கு இன்றைக்கே தெரியும். தக்காளியின் விலை நாளைக் காலை ஏலத்தில்தான் தெரியவரும்.